நூல் அறுந்ததும் ஸ்க்ரூவைத் திருகாதீங்க!

தையல் இயந்திரம் பெற்ற பயனாளிகளுக்கான கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்



பேச ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி. வீட்டில் தையல் மெஷின் இருக்கு, ஆனால் ஒரு மாசமா அதில் உட்காரவே இல்லை என்பவர்கள் கொஞ்சம் கை தூக்குங்க. தயங்க வேண்டாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இத்தனை கைகளா! காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “நூல் அறுந்துக்கிட்டே இருக்கு.” “கீழே கொசகொசன்னு சிக்கிக்குது.” ரெண்டு நாள் போராடிப் பார்க்கிறோம். அப்புறம் மெஷின் மேல ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிடுறோம். கொஞ்ச நாளில் அது துணி மடிச்சு வைக்கிற மேசை ஆயிடுது.

நான் மெக்கானிக் இல்லை. செய்தித் துறையில் எழுதுவதுதான் என் வேலை. ஆனால் நான் வளர்ந்தது தையல் மெஷின் சத்தத்தில். என் அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அந்த மெஷினை ஒருமுறை கெடுத்தவள் நான்தான். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். அம்மாவிடம் ஒரு கட்டு ஜாக்கெட் துணி சேர்ந்திருந்தது. திடீரென்று நூல் அறுந்துகொண்டே இருந்தது. அம்மா சமையலறைக்குப் போன நேரத்தில், உதவி செய்கிறேன் என்று நான் டென்ஷன் குமிழைத் திருகினேன். சரியாகவில்லை. இன்னும் திருகினேன். பிறகு பாபின் கேஸில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவையும் திருகினேன். அது கழன்று கீழே விழுந்து எங்கேயோ உருண்டு போய்விட்டது. மெக்கானிக் வருவதற்கு மூணு நாள் ஆனது. அவர் வந்து முதலில் பார்த்தது ஊசியை. முனை மழுங்கியிருந்தது. புது ஊசி போட்டார். என் வேலையைச் சரிசெய்ய மட்டும் அரை மணி நேரம் ஆனது. “ஊசிதான்மா நோய். நீ வைத்தியம் பார்த்தது வேற இடத்துல” என்றார். அதற்குள் ரெண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அம்மாவிடம் வரவே இல்லை.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: நூல் அறுந்தால் டென்ஷனைத் தொடுவது முதல் வேலை அல்ல, கடைசி வேலை. அதற்கு முன்னால் பெரிய செலவில்லாத நாலு வேலை இருக்கு. அதை வரிசையாகச் செய்தாலே நிறைய மெஷின்கள் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

தையல் எப்படி விழுது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி பிரச்சினை தீர்ந்த மாதிரி. ஊசியில் வருவது மேல் நூல், பாபினில் இருந்து வருவது கீழ் நூல். ஊசி துணிக்குள் இறங்கி, கொஞ்சம் மேலே ஏறும்போது, ஊசிக்குப் பக்கத்தில் மேல் நூல் ஒரு சின்ன வளையம் விடும். கீழே சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு மேலும் கீழும் ஆடுகிற லீவர் நூலை இழுத்து இறுக்கும். அந்தப் பின்னல் துணியின் நடுவில் ஒளிந்துகொண்டால் தையல் சரி. மேலேயும் தெரியக்கூடாது, கீழேயும் தெரியக்கூடாது.

ரெண்டு பேர் கயிறு இழுக்கிற போட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. ரெண்டு பக்கமும் சமமாக இழுத்தால் முடிச்சு நடுவிலேயே நிற்கும். மேலே இழுப்பவர் கையை விட்டால் முடிச்சு கீழே போகும். அதனால்தான் முக்கியமான ஒரு விஷயம்: துணியின் கீழ்ப்பக்கம் நூல் சிக்கினால், குற்றவாளி பெரும்பாலும் மேல் நூல். கீழே சிக்குவதைப் பார்த்து நாம் பாபினைத் திட்டுகிறோம், பாபின் ஸ்க்ரூவைத் திருகுகிறோம். பாவம், பாபின் எந்தத் தப்பும் செய்திருக்காது.

இன்னொன்று. நூற்கண்டில் இருந்து வரும் நூல் நேராகப் போய்த் துணியில் உட்கார்ந்துவிடுவதில்லை. ஒரே இடம் ஊசிக் காதுக்குள் பல முறை மேலும் கீழும் உரசிப் போய்வந்த பிறகுதான் தையலாக விழுகிறது. வழியில் எங்கே ஒரு சின்னச் சொரசொரப்பு இருந்தாலும் நூல் தேய்ந்து நைந்துவிடும். நூல் அறுவதற்கான காரணத்தை அந்தப் பாதையில்தான் தேட வேண்டும்.

முதலில் அறுந்த நுனியைப் பாருங்க

நூல் அறுந்ததும் கோபத்தில் பிய்த்துப் போட்டுவிடாதீங்க. அந்த நுனிதான் சாட்சி. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்க.

நுனி பஞ்சு மாதிரி பிரிந்து, இழை இழையாக இருந்தால் நூல் எங்கேயோ உரசித் தேய்ந்திருக்கிறது. ஊசிக் காது சின்னது, ஊசி பழசு, அல்லது ஊசித்தட்டின் ஓட்டையில் சொரசொரப்பு என்று அர்த்தம்.

நுனி சட்டென்று வெட்டியது மாதிரி இருந்தால் நூல் எங்கேயோ மாட்டி இழுபட்டிருக்கிறது. நூற்கண்டின் ஓரத்தில் நூல் செருகி வைக்க ஒரு சின்ன வெட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. நூல் அதில் மாட்டிக்கொள்வது ரொம்ப சாதாரணம். கண்டைத் திருப்பிப் போட்டு, அந்த வெட்டு நூல் கழலும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தால் போதும்.

தைக்க ஆரம்பித்த உடனே அறுந்தால், நூல் வால் குட்டையாக இருந்திருக்கும். அல்லது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியிருக்கும். ஆரம்பிக்கும்போது மேல் நூல், கீழ் நூல் ரெண்டையும் ஒரு விரல் நீளத்துக்கு விட்டு, முதல் ரெண்டு மூணு தையல் வரை பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்க. கைச்சக்கரத்தை எப்போதும் உங்களை நோக்கித்தான் சுற்ற வேண்டும். மெஷினை நிறுத்தும்போது ஊசியும் லீவரும் உச்சியில் நிற்கட்டும்.

முதல் வேலை: நூலை எடுத்துவிட்டு மறுபடி கோருங்க

இதற்கு ஒரு நிமிஷம் போதும், காசு வேண்டாம். ஆனால் நாம் செய்ய மறுப்பது இதைத்தான். “நான் இருபது வருஷமா கோர்க்கிறேன், எனக்குத் தெரியாதா?” என்று அம்மாவும் கேட்பார். தெரியும்தான். ஆனால் அவசரத்தில் ஒரு இடம் விட்டுப்போகும்.

இதில் ஒரு ரகசியம் இருக்கு. நூல் கோர்க்கும்போது, துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மேலே தூக்கியிருக்க வேண்டும். ஏன் தெரியுமா? ஃபுட் மேலே இருக்கும்போதுதான் டென்ஷன் தட்டுகள் ரெண்டும் திறந்திருக்கும். நூல் நடுவில் போய் உட்காரும். ஃபுட் கீழே இருக்கும்போது கோர்த்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் வெளியே சும்மா தொங்கும். பார்ப்பதற்குச் சரியாகக் கோர்த்தது போலவே இருக்கும். தைத்தால் கீழே ஒரே சிக்கல்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனை. ஊசியில் கோர்ப்பதற்கு முன் நூலை மெதுவாக இழுங்க. ஃபுட் மேலே இருந்தால் நூல் லேசாக வர வேண்டும். ஃபுட்டை இறக்கிவிட்டு இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும். ரெண்டு முறையும் ஒரே மாதிரி லேசாக வந்தால் நூல் தட்டுக்குள் போகவில்லை. அல்லது தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருக்கிறது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு, ஒரு சுத்தமான துணியின் ஓரத்தை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் பஞ்சு வந்துவிடும். உள்ளே ஊசி, கத்தி விட்டுச் சுரண்டக் கூடாது. தட்டில் கீறல் விழுந்தால் அது நிரந்தரத் தலைவலி.

அடுத்து லீவர். நூல் லீவரின் கண்ணுக்குள் போயிருக்கிறதா பாருங்க. அதை விட்டுவிட்டால் நாலு தையலுக்குள் மெஷின் இறுகி நின்றுவிடும்.

ரெண்டாவது வேலை: ஊசியை மாற்றுங்க

ஊசி முழுசா உடைந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறோம். இல்லை. சுமார் எட்டு மணி நேரம் தைத்தால் ஒரு ஊசியின் வேலை முடிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். குண்டூசி மேலே, ஜிப் மேலே ஒருமுறை இடித்தால் உடனே மாற்றிவிடுங்க. முனை மழுங்கியதா என்று தெரிய, பழைய நைலான் துணியில் ஊசியை இழுத்துப் பாருங்க. இழை பிடித்து இழுத்தால் அந்த ஊசி வேண்டாம்.

ஊசி எண்ணும் முக்கியம். பாக்கெட்டில் 11, 14, 16 என்று போட்டிருக்கும். எண் பெரிதானால் ஊசியும் தடிமன், காதும் பெரிது. பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ், மெல்லிய துணி என்றால் 9 அல்லது 11. பருத்தி ஜாக்கெட், பள்ளிச் சீருடை என்றால் 14. ஜீன்ஸ், துணிப்பை மாதிரி தடிமனான துணிக்கு 16, சில சமயம் 18. மெல்லிய ஊசியில் தடித்த நூலைக் கோர்த்தால் காதுக்குள் நெருக்கிக்கொண்டு நூல் பிரியும். காரணம் அவ்வளவுதான்.

ஊசியைப் போடும்போது ரெண்டு விஷயம். ஒன்று, மேலே முட்டும் வரை தள்ளிவிட்டுத்தான் திருகாணியை இறுக்க வேண்டும். கொஞ்சம் கீழே இறங்கி நின்றாலும் கொக்கி வளையத்தைப் பிடிக்காது, தையல் விட்டு விட்டு விழும். ரெண்டு, வீட்டு மெஷின் ஊசியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பாபினை முன்பக்கமாகப் போடும் ஜிக்ஜாக் மெஷின்களில் அந்தத் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும், நூல் முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். பழைய கறுப்பு மெஷின்களில் இது பக்கவாட்டில் மாறும். எந்த மெஷினாக இருந்தாலும் அடையாளம் இதுதான்: ஊசியில் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும்.

மூணாவது வேலை: நூலைச் சந்தேகப்படுங்க

கையில் ஒரு முழம் நூல் எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்க. சுலபமாக அறுந்தால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜன்னல் ஓரத்தில் வெயில் படும்படி வருஷக்கணக்கில் இருந்த நூல் பலம் இழந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. அங்கங்கே முடிச்சு, தடிப்பு தெரிந்தால் அந்தத் தடிப்பு ஊசிக் காதில் வந்து நிற்கும், அறுக்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கோன் நூல் வாங்குபவர்கள் உண்டு. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதைச் சின்ன மெஷினின் கம்பியில் செருகக் கூடாது. மெஷினுக்குப் பின்னால் ஒரு டம்ளரில் கோனை நிற்க வைத்து, நூல் நேராக மேலே போய்க் கொஞ்ச உயரத்தில் ஒரு வளையத்தின் வழியாக இறங்கி வரும்படி செய்யுங்க. சிக்காமல் வரும்.

நாலாவது வேலை: பாபினும் தூசியும்

சுத்தம் செய்வதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்க. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோட்டார் மெஷினில் கால் தெரியாமல் பெடலில் பட்டால் ஊசி விரலில் இறங்கும்.

பாபின் கேஸை வெளியே எடுத்து, கொக்கி சுற்றும் இடத்தைப் பாருங்க. பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருக்கும். பழைய டூத்பிரஷ் போதும். வாயால் ஊதாதீங்க, பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரம் இரும்பில் துரு பிடிக்க வைக்கும். பாபின் கேஸின் மேல் ஒரு மெல்லிய தகடு இருக்கும், கீழ் நூல் அதற்கு அடியில்தான் போகும். அந்தத் தகட்டுக்கு அடியில் ஒரு இழை பஞ்சு இருந்தாலே கீழ் டென்ஷன் மாறிவிடும். ஒரு தடித்த தாளின் ஓரத்தை உள்ளே விட்டு எடுத்துவிடுங்க.

பாபினில் நூல் சமமாகச் சுற்றியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் இருந்தால் தையல் ஒரு சமயம் இறுக்கமாகவும் ஒரு சமயம் தளர்வாகவும் விழும். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. பழைய நூல் மேலேயே புது நூல் சுற்றுவதும் வேண்டாம். பாபின் உங்கள் மெஷினுக்கு உரிய அளவுதானா என்று பாருங்க. பார்வைக்கு ஒன்று போல இருக்கும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், கேஸுக்குள் ஆடும். பாபினைக் கேஸில் எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதை மெஷினோடு வந்த கையேட்டுப் படத்தில் பாருங்க. திருப்பிப் போட்டால் டென்ஷனும் மாறும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சமையலறையில் கைக்கு எட்டுகிறது என்று தேங்காய் எண்ணெய் விடாதீங்க. நாளாக நாளாக அது பிசின் மாதிரி ஒட்டி, மெஷினை இறுக வைக்கும். தையல் மெஷினுக்கென்றே விற்கும் எண்ணெய் விலை குறைவுதான். கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் ஒரு சொட்டு போதும். பிறகு ஒரு வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் தைத்துப் பாருங்க, அதிக எண்ணெய் அதில் வந்துவிடும்.

இப்போதுதான் டென்ஷன்

நாலு வேலையும் முடித்த பிறகும் தையல் சரியில்லை என்றால் இப்போது டென்ஷனுக்கு வரலாம். இதற்கு ஒரு எளிய பரிசோதனை. மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல் போட்டுக்கொள்ளுங்க. ரெண்டும் ஒரே வகை, ஒரே தடிமனாக இருக்கட்டும். வெள்ளைத் துணியை ரெண்டாக மடித்து ஒரு சாண் நீளம் நேராகத் தையுங்க.

மேலே சிவப்பு மட்டும், கீழே நீலம் மட்டும் தெரிந்தால் எல்லாம் சரி. ஸ்க்ரூவைத் தொடாதீங்க.

கீழே சிவப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் மேல் நூல் தளர்ந்திருக்கிறது. மேல் குமிழின் எண்ணைக் கொஞ்சம் கூட்டுங்க.

மேலே நீலப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் ரொம்ப இறுக்கம். எண்ணைக் கொஞ்சம் குறையுங்க. இந்த இறுக்கத்தில்தான் நூல் அடிக்கடி அறுந்து போகும், மெல்லிய துணி சுருங்கிக்கொள்ளும்.

ஒரு தடவைக்கு அரை எண் மட்டும் மாற்றி, மறுபடி ஒரு சாண் தைத்துப் பாருங்க. குமிழில் எண் போட்டிருக்கும் மெஷின்களில் சாதாரணத் துணிக்கு 3 முதல் 5 வரைக்குள் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். 9க்குப் போனால்தான் தையல் வருகிறது என்றால் சிக்கல் குமிழில் இல்லை. மறுபடி முதல் வேலைக்குப் போங்க. நூல் தட்டுக்குள் உட்காரவில்லை என்றுதான் அர்த்தம்.

பாபின் கேஸ் ஸ்க்ரூ இருக்கே, அதுதான் கடைசியிலும் கடைசி. அதைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. பாபின் போட்ட கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்க. சும்மா தொங்கினால் இறங்காமல் நிற்க வேண்டும். கையை லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தானாகவே கடகடவென்று இறங்கினால் தளர்வு. உதறினாலும் அசையவே இல்லை என்றால் இறுக்கம். திருக வேண்டி வந்தால் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு, கடிகார முள் ஐந்து நிமிஷம் நகரும் அளவுக்கு மட்டும் திருகுங்க. வலப்பக்கம் இறுகும், இடப்பக்கம் தளரும். வெள்ளைத் துணி எதற்கு என்று கேட்காதீங்க, எங்கள் வீட்டுக் கதை ஞாபகம் இருக்கும்!

மஞ்சப்பை தைக்கும்போது மட்டும் அறுந்தால்?

முன்வரிசையில் ஒரு அக்கா கேட்டார்கள்: “சுடிதார் தைக்கும்போது ஒண்ணும் ஆகலை. துணிப்பை கைப்பிடி தைக்கும்போது மட்டும் அறுந்துடுது.” நல்ல கேள்வி. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை தைப்பவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

பையின் பக்கவாட்டில் ரெண்டு அடுக்கு. கைப்பிடி சேரும் இடத்தில் மடிப்போடு மடிப்பு சேர்ந்து அஞ்சாறு அடுக்கு வந்துவிடும். ரெண்டு அடுக்குக்குச் சரியாக இருந்த ஊசி அங்கே வளைகிறது. வளைந்த ஊசி கொக்கியிலோ தட்டிலோ உரசுகிறது. நூல் அறுகிறது, சில சமயம் ஊசியே உடைகிறது. அதோடு நாமும் துணி நகரவில்லை என்று பின்பக்கம் பிடித்து இழுக்கிறோம். அந்த இழுப்புதான் ஊசியை வளைக்கிறது. துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பல்லின் வேலை, நம் கையின் வேலை வழிகாட்டுவது மட்டும்தான்.

தீர்வு: 16 எண் ஊசி, கொஞ்சம் நீளமான தையல், மெதுவான வேகம். மேடான இடத்தில் மோட்டாரை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் நாலு தையல் போடுங்க. ஃபுட் சாய்ந்து நின்றால், அதன் பின்பக்கத்துக்கு அடியில் அதே துணியை மடித்து வைத்து மட்டமாக்குங்க. பழைய சேலைகளை அடுக்கி மெத்தை விரிப்பு தைப்பவர்களுக்கும் இதே முறைதான். வெளிநாடுகளில் அடுக்குப் போர்வை தைக்க லாங்ஆர்ம் என்ற பெரிய மெஷின் வைத்திருக்கிறார்கள். அதில் துணி அசையாமல் இருக்கும், மெஷின்தான் துணி மேல் ஓடும். அந்த மெஷினிலும் நூல் அறுந்தால் பாதை, ஊசி, நூல், பாபின், கடைசியில் டென்ஷன் என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் போனும் ஒரு கருவிதான்

மெஷின் நன்றாக ஓடும் நாளில் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. நூல் போகும் பாதை, டென்ஷன் குமிழின் எண், பாபின் கேஸ் ஸ்க்ரூ நிற்கும் கோணம், ஊசி நிற்கும் விதம். சிக்கல் வரும் நாளில் ரெண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் அன்றைக்கு ஒரே ஒரு போட்டோ எடுத்திருந்தால் ஸ்க்ரூவைப் பழைய இடத்தில் நிறுத்தியிருப்பேன்.

மெஷினோடு கொடுத்த கையேடு, உத்தரவாத அட்டை, விலைக்கு வாங்கியதாக இருந்தால் ரசீது, பின்பக்கத்தில் இருக்கும் மெஷின் எண், இவை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைங்க. காகிதம் தொலையும், கரையான் அரிக்கும். போன் மாற்றினாலும் போட்டோ இருக்கும்படி உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துவிடுங்க.

எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்?

புது ஊசி சரியாகப் போட்ட பிறகும் தையல் விட்டு விட்டு விழுந்தால், கொக்கி வந்து சேரும் நேரம் தவறியிருக்கலாம். ஊசி தட்டில் இடித்துச் சத்தம் வந்தால், கொக்கியின் முனையில் விரலை வைத்துத் தடவும்போது சொரசொரப்பு தெரிந்தால், மோட்டாரில் கருகல் வாடை வந்தால், அதெல்லாம் நம் வேலை இல்லை. மெக்கானிக் வந்ததும் “நூல் அறுது” என்று மட்டும் சொல்லாதீங்க. “நூல் மாற்றிக் கோர்த்தேன், 14 ஊசி புதுசு போட்டேன், பாபின் துடைத்தேன், கீழே மேல் நூல் வளையம் தெரியுது” என்று சொல்லுங்க, சிவப்பு நீலத் துணியையும் காட்டுங்க. அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு குறையும்.

உத்தரவாதக் காலம் முடியாத மெஷின் என்றால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். முதலில் அட்டையில் இருக்கும் சேவை எண்ணைக் கூப்பிடுங்க. விலைக்கு வாங்கிய மெஷினுக்கு உத்தரவாதப்படி சேவை தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அரசுத் திட்டத்தில் பெற்ற மெஷின் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் தெரிவியுங்க.

இன்னும் மெஷின் கிடைக்காதவர்களுக்கு

இதைக் கேட்பவர்களில், படிப்பவர்களில் தையல் தெரிந்தும் மெஷின் இல்லாதவர்கள் இருப்பீங்க. சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் உங்களுக்கானது. ஆதரவற்ற பெண்கள், கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பெண்கள் விண்ணப்பிக்கலாம். வயது 20 முதல் 40 வரை. தையல் தெரியும் என்பதற்கான சான்று, வருமானச் சான்று, வயதுச் சான்று, ஆதார் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்க. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான உச்சவரம்பு, இந்த ஆண்டுக்கான விண்ணப்ப நாள் போன்றவற்றை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. திட்டத்தின் பெயரிலேயே ‘இலவச’ என்று இருக்கு. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. முதல்வரின் உதவி மையம் 1100-ல் சொல்லுங்க. மகளிர் உதவி எண் 181.

முடிக்கும் முன்

அஞ்சு விரல் கணக்கில் வைத்துக்கொள்ளுங்க. கட்டை விரல், மறுபடி கோர்ப்பது. ஆள்காட்டி விரல், ஊசி. நடுவிரல், நூல். மோதிர விரல், பாபினும் தூசியும். கடைசியில் சுண்டு விரல், டென்ஷன். சுண்டு விரல் அளவுக்குத்தான் அதைத் திருகணும் என்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அரசு ஒரு மெஷினைக் கொடுத்த நாளில் போட்டோ எடுக்கிறோம், செய்தி போடுகிறோம். அந்தச் செய்தியை எழுதுவதே என் வேலைதான். ஆனால் எழுதும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, ஒரு வருஷம் கழித்து அந்த மெஷின் ஓடுதா என்பதுதான். அது ஓடினால் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் வரும். நின்றுபோனால், அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது மாதிரி, துணி கொடுத்தவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய சேலையை எடுங்க. பிரஷர் ஃபுட்டைத் தூக்குங்க. நூலை உருவிவிட்டு முதலிலிருந்து கோருங்க. ஒரு புது ஊசி போடுங்க. ஒரு சாண் தைத்துப் பாருங்க. தையல் சரியாக விழுந்தால், பக்கத்து வீட்டில் மூடி வைத்திருக்கும் மெஷினையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாங்க.